தண்ணீர் இறங்காத மண்

"அப்படீன்னா எங்களை வரவேண்டாம்னு சொல்றீங்களா?"

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நாங்கள் குடும்பமாக நடத்துகிற கூடார முகாமின் வாசலில் நின்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. சண்டைக்கு வருகிற தொனியில் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு மறந்திருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார். தோளில் கூடாரப் பை, ஒரு கையில் ஏழு வயதுப் பேத்தியின் கை. பதினொரு வருடமாக, வருடம் தவறாமல், எங்கள் பெரிய மரத்தடியில் கூடாரம் அடித்தவர். மனைவி இருந்தவரை இருவருமாக வந்தார்கள். அப்புறம் அவர் மட்டும் வந்தார். அந்த வருடம்தான் முதல் முறையாகப் பேத்தியை அழைத்து வந்திருந்தார், பாட்டி உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டுவதற்காக. அந்த இடத்தைச் சுற்றி நாங்கள் கயிறு கட்டியிருந்தோம். கயிற்றில் ஒரு பலகை தொங்கியது: "உள்ளே வராதீர்கள்."

வாசலில் இருக்கும் "நல்வரவு" பலகையும் அந்தப் பலகையும் ஒரே பெயிண்டில், ஒரே கையெழுத்தில் எழுதியவை. இரண்டையும் எழுதியவள் நான்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வருகிறவர்களை முகம் கோணாமல் வரவேற்க வேண்டும், அவர்கள் வந்து தங்குகிற இடமும் கெடாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டும் தானாகவே ஒத்துப்போகும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். இயற்கையை விரும்பித்தானே வருகிறார்கள், அவர்களால் இயற்கைக்கு என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே பிசகியது என்று யோசித்து யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் "சரி"

அப்பா இந்த முகாமை ஆரம்பித்தபோது அவரிடம் இருந்தது காட்டை ஒட்டிய கொஞ்சம் நிலம், ஒரு ஓடை, நிலத்தின் நடுவில் அந்த மரம். அவ்வளவுதான். வருகிறவர்களிடம் அவர் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஓடையை ஒட்டிக் கூடாரம் போடலாமா என்றால் சரி. வண்டியைக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவரலாமா என்றால் சரி. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தால்கூட டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நானும் அண்ணனும் சின்னப் பிள்ளைகளாக அவர் பின்னால் ஓடியபடிதான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டோம். விருந்தாளி என்றால் கேட்டதைக் கொடுப்பது. எங்களுக்குத் தெரிந்த வரவேற்பு அதுதான்.

கேட்டவர்களில் பாதிப்பேர் கேட்டது மரத்தடியைத்தான். யார் வந்தாலும் நிலத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நேராக அங்கேதான் போய்ப் பையை இறக்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மதியம் முழுக்க நிழல், சமமான தரை, ஓடைச் சத்தம் காதில் விழுகிற தூரம். மூன்று கூடாரம் தாராளமாகப் போடலாம், நாங்கள் ஐந்து வரை விட்டிருக்கிறோம். முதல் சில வருடங்கள் அங்கே புல் இருந்தது. அப்புறம் புல் போய்ச் சருகு மட்டும் கிடந்தது. சருகு குத்துகிறது, பூச்சி இருக்கும் என்று நாங்களே தினமும் காலையில் பெருக்கித் தள்ளினோம். சுத்தமாக வைத்திருப்பதாக நினைப்பு. பெருக்கிய தரை நாளடைவில் சிமென்ட் போட்ட மாதிரி வெளுத்து, வழவழவென்று ஆனது. மழை பெய்தால் அதன் மேல் தண்ணீர் தேங்கும். வேர்கள் மேலே தெரிய ஆரம்பித்தன. ஆள் நடந்து நடந்து அவற்றின் முதுகு தேய்ந்து, பழைய வீட்டு வாசற்படி போலப் பளபளத்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. அந்த வேர்களின் மேல் குழந்தைகளை உட்காரவைத்துப் படம் எடுக்காத குடும்பமே இல்லை.

இன்னொன்றும் நடந்தது. அப்போது அது எங்களுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. முன்பெல்லாம் யாரும் சுத்தியல் கேட்டதில்லை. போகப் போக, "சுத்தியல் இருக்கா?" என்று அலுவலக அறைக்கு வந்து கேட்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். அப்பா முதலில் ஒரு சுத்தியல் வாங்கிவைத்தார். பிறகு இன்னும் மூன்று வாங்கினார். இரவல் கொடுக்கச் சுத்தியல் இருக்கிறது என்பதே எங்கள் உபசரிப்பில் ஒன்றாகிவிட்டது.

நடுவில் எனக்கு ஒரு யோசனை வந்தது. புல்லுக்கு ஓய்வு வேண்டும், அதனால் கூடாரங்களை இடம் மாற்றி மாற்றிப் போடச் சொல்வோம் என்றேன். இந்த வாரம் இங்கே, அடுத்த வாரம் அங்கே. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இரண்டே சீசனில் நிலம் முழுக்கச் சொட்டை விழுந்த மாதிரி மஞ்சள் திட்டுகள். ஒரு கூடாரத்தின் அடித்துணி நாலு நாள் வெளிச்சத்தை மறைத்தாலே கீழே இருக்கும் புல் வெளுத்துவிடும். அதன் மேல் படுத்து எழுந்து, அடுப்பு வைத்து, நாற்காலி போட்டு, தண்ணீருக்கும் கழிப்பறைக்குமாக நடந்தால் அந்த வாரத்திலேயே ஒரு புதிய ஒற்றையடிப் பாதையும் உண்டாகிவிடும். ஓய்வு கொடுப்பதாக நினைத்து, கெடாமல் இருந்த இடங்களையும் நான் ஒவ்வொன்றாகக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

இதை ஏற்கெனவே அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்கக் காடுகளில் முகாம் போடும் இடங்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த டேவிட் கோல் போன்றவர்கள் சொல்வது இதுதான்: ஓர் இடத்துக்கு வரும் சேதத்தின் பெரும்பகுதி, முதலில் தங்கும் கொஞ்சம் பேராலேயே வந்துவிடுகிறது. அதற்கப்புறம் அங்கே பத்து மடங்கு ஆட்கள் தங்கினாலும் சேதம் பத்து மடங்காவதில்லை. ஆறுவதோ, கெட்ட வேகத்தில் ஆறுவதில்லை. அதனால் ஆட்கள் நிறைய வருகிற இடத்தில் அவர்களைப் பரப்பிவிடக்கூடாது, ஏற்கெனவே தேய்ந்த சில இடங்களிலேயே நிறுத்த வேண்டும். யாரும் கால் வைக்காத காட்டுக்குள் மட்டும்தான் பரவிப் போவது நல்லது. காட்டில் தடம் விடாமல் தங்கச் சொல்லித்தரும் "லீவ் நோ டிரேஸ்" அமைப்பின் ஏழு நெறிகளில் ஒன்றின் சாரமும் இதுவே. என் நியாயமான யோசனை இதற்கு நேர்த் தலைகீழ். எனக்கு இன்றைக்கும் உறுத்துவது மரத்தடியைவிட இதுதான். மரத்தடியை யாரும் வேண்டுமென்று கெடுக்கவில்லை. மீதி நிலத்தை நான் யோசித்து, வீட்டில் பேசி, அட்டவணை போட்டுக் கெடுத்தேன்.

உச்சியில் தெரிந்தது

மரத்துக்கு ஏதோ ஆகிறது என்று முதலில் கவனித்தவள் அண்ணி. "இந்த வருஷம் நிழல் மெலிஞ்சு போச்சு" என்றாள். துணி காயப்போடுகிறவளுக்குத் தெரியும், எத்தனை மணிக்கு எங்கே வெயில் விழும் என்று. அண்ணாந்து பார்த்தால் உச்சிக் கிளைகளின் நுனிகள் மொட்டையாக இருந்தன. இலைகளும் சிறுத்திருந்தன. பூச்சியாக இருக்கும் என்று நினைத்தோம். அந்தச் சீசனில் தங்க வந்த ஒருவர் மரங்களைப் பற்றி முறையாகப் படித்தவர். அவர் மேலே பார்க்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து மரத்தடி மண்ணில் குத்தினார். முனை மட்டும் இறங்கியது. வேலிக்கு அப்பால் போய் அதே திருப்புளியைக் குத்தினார். கைப்பிடி வரை இறங்கியது.

நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதி வெறும் இடைவெளிதான் என்று அவர் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மண்துகள் பாதி. மீதிப் பாதி, காற்றும் தண்ணீரும் மாறி மாறி வந்துபோகிற சந்துபொந்து. வேர் மூச்சு விடுவது அந்தச் சந்தில்தான். மேலே மிதிக்க மிதிக்க முதலில் நசுங்குவது பெரிய சந்துகள். தண்ணீர் கீழே இறங்குவதும் காற்று உள்ளே போவதும் அவற்றின் வழியாகத்தான். மரத்தின் வேர் ஆழத்தில் இருக்கும், மேலே நடந்தால் அதற்கு என்ன என்று நாங்கள் நினைத்திருந்தோம். மரத்துக்குச் சாப்பாடு தேடிக் கொடுக்கிற மெல்லிய சல்லிவேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் அரை மீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருக்கின்றன. அவை கிளை விரிந்திருக்கும் எல்லையையும் தாண்டிப் பரவியிருக்கும். அதாவது நாங்கள் ஐந்து கூடாரம் அடித்தது மரத்தின் வாய் மேல்.

இதையும் கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் பார்த்திருக்கிறார். மைனெக்கே என்று மரநோய் ஆய்வாளர் ஒருவர். கார்கள் பெருகி, ஆட்கள் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் மரக் காடுகளுக்குள் ஓட்டிக்கொண்டு போய் இஷ்டப்பட்ட இடத்தில் நிறுத்தித் தங்கிய காலம் அது. ஆயிரம் வருடம் நின்ற மரங்களின் அடியில் மண் இறுகிப்போவதை 1920களின் கடைசியில் அவர் ஆராய்ந்தார். 1932-இல் முகாம்களை எப்படி அமைப்பது என்று ஒரு வழிமுறை எழுதினார். ஒருவழிப் பாதை வளையமாகச் சுற்றிவரட்டும், அதிலிருந்து சின்னச் சின்னக் கிளைகளில் வண்டி நிற்கட்டும், பக்கத்தில் நகர்த்த முடியாத மேசை, நகர்த்த முடியாத அடுப்பு, ஓரத்தில் பாறையும் கட்டையும். மேசையும் அடுப்பும் நகராவிட்டால் மனிதர்களும் அதைச் சுற்றியே இருந்துவிடுவார்கள், வேர் பிழைக்கும். உலகத்தில் எத்தனையோ முகாம்கள் இன்றைக்கும் இந்த வடிவத்தில்தான் இருக்கின்றன. எங்கும் ஒரே மாதிரி அமைக்கிறார்களே, வேறு யோசனையே இல்லையா என்று நான் அலட்சியமாகப் பார்த்த வடிவம் அது. அதற்குள் ஒரு மரத்தைக் காப்பாற்றுகிற அக்கறை இருந்தது எனக்குத் தெரியாது.

பலகைகள்

தெரிந்துகொண்டதும் பயம் வந்தது. பயத்தில் பலகை எழுத ஆரம்பித்தேன். மரத்தடியில் கூடாரம் போடக்கூடாது. ஓடையில் சோப்புப் போடக்கூடாது. வெளியிலிருந்து விறகு கொண்டுவரக்கூடாது. பட்ட மரத்தை ஒடிக்கக்கூடாது. பாதையை விட்டு இறங்கக்கூடாது. பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஒரே சீசனில் இருபது பலகைக்கு மேல் நட்டிருப்பேன். ஒவ்வொன்றும் சரியான விஷயம்தான், எதையும் இன்றைக்கும் நான் மறுக்க மாட்டேன். ஆனால் வாசலிலிருந்து கூடாரம் வரை வருவதற்குள் ஒரு மனிதர் இருபது முறை "கூடாது" என்று படிக்க வேண்டியிருந்தது. சின்னக் குழந்தைகள் எதைத் தொடுவதற்கு முன்னாலும் அம்மாவின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அம்மாக்கள் அவர்களை இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தார்கள். எங்களைக் கண்டால் விருந்தாளிகள் பேச்சை நிறுத்தினார்கள். அப்பா பலகைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் ஒரு சுற்று வருகிறவர் வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சீசனில்தான் பெரியவர் வந்தார்.

இரண்டு டப்பா

அன்றைக்கு அவருக்கு நான் சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஐயா, எல்லாருக்கும் ஒரே விதிதான்." சொல்லும்போதே அது பதில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவர் ஒன்றும் பேசாமல் ஓடை திரும்புகிற முனையில் நான் காட்டிய இடத்தில் கூடாரம் போட்டார். ராத்திரி அவர் கூடாரத்தில் வெளிச்சமே இல்லை. பேத்தி மட்டும் ஒரு முறை கயிறு வரை வந்து, பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வெளியே வந்தபோது அப்பா மரத்தடியில் குந்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு பழைய பெயிண்ட் டப்பாக்கள். அண்ணனிடம் சொல்லி இரண்டுக்கும் அடித்தகட்டை வெட்டி எடுத்திருந்தார், இப்போது அவை வெறும் குழாய்கள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். "வா பாப்பா, உனக்கு எண்ணத் தெரியுமா?" நூறு வரை தெரியும், அதுக்கு மேலேயும் தெரியும் என்று அவள் சொன்னாள். பெரியவர் கொஞ்சம் தள்ளி நின்றார். அப்பா கயிற்றைத் தூக்கிப் பிடித்து, "நீங்களும் வாங்க" என்றார். பலகை எழுதியவள் நான் அங்கேயே நிற்கிறேன், என்னைப் பார்க்கவே இல்லை.

முதல் டப்பாவை வேலிக்கு அப்பால் கொண்டுபோனார்கள். யாரும் மிதிக்காத இடம், சருகு மூடிக் கிடக்கும். சருகை ஒதுக்கிவிட்டு அப்பா டப்பாவை இரண்டு கையாலும் அழுத்தித் திருகினார், ஒரு விரல் ஆழம் உள்ளே போனது. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். அந்தப் பெண் எண்ண ஆரம்பித்தாள். தண்ணீர் இறங்க இறங்க அடியிலிருந்து குமிழி குமிழியாக மேலே வந்தது. சின்னதும் பெரிதுமாக, கொதிக்கிற மாதிரி. மண்ணுக்குள் இருந்த காற்று, தண்ணீருக்கு இடம் விட்டுவிட்டு வெளியே வருகிறது என்று அப்பா சொன்னார். அவள் நாற்பத்து மூன்று எண்ணும்போது டப்பாவில் தண்ணீர் இல்லை, ஈர மண்ணும் அதன் மேல் ஒட்டிய ஒரு சருகுத் துண்டும் மட்டும் இருந்தன.

மரத்தடியில் டப்பாவை இறக்க அலுவலக அறையிலிருந்து சுத்தியல் கொண்டுவர வேண்டியிருந்தது. அடித்தும் ஓரம் வளைந்ததே தவிர சரியாக இறங்கவில்லை. கசியாமல் இருக்க அண்ணன் சுற்றிலும் களிமண் பூசினான். அதே குவளை, அதே தண்ணீர். அவள் எண்ணினாள். ஐம்பது, நூறு, நூற்றைம்பது. ஒரு குமிழிகூட வரவில்லை. டப்பாவுக்குள் மரக்கிளைகளும் நடுவில் ஒரு துண்டு வானமும் அசையாமல் தெரிந்தன. ஒரு எறும்பு விழுந்து நீந்தியது. இருநூறைத் தாண்டியதும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அடியில தட்டு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். தட்டு இல்லை, மண்தான் என்று தெரிந்ததும் கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் எண்ண ஆரம்பித்தாள். முந்நூறோடு நிறுத்திவிட்டாள். தண்ணீர் அப்படியே நின்றது.

பெரியவர் குனிந்து, கட்டை விரலால் அந்த மண்ணை அழுத்திப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அப்பாவைப் பார்த்து, "முதல் வருஷம் முளைக்குச்சியைக் காலால அழுத்தினாலே இறங்கிடும்" என்றார். "ரெண்டு மூணு வருஷம் கழிச்சு உங்ககிட்ட சுத்தியல் வாங்கினேன். அப்புறம் மர முளை உடையுதுன்னு இரும்பு முளை வாங்கினேன். முளைதான் சரியில்லைன்னு நெனச்சேனே தவிர..." அவர் முடிக்கவில்லை. அப்பா சொன்னார், "சுத்தியல் குடுத்ததே நான்தானே."

இரண்டு பேரும் அந்த டப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு வருடமாக இருபது பலகையில் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்த ஒரு குவளைத் தண்ணீர் சொல்லிவிட்டது என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. தண்ணீர் சொன்னது மண்ணைப் பற்றி. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, அப்பா கயிற்றைத் தூக்கிப் பிடித்த விதம். "நீங்களும் வாங்க" என்று அழைத்தாரே, அது எங்கள் வீட்டு வரவேற்பு. மரத்தடியை அவருக்குத் திரும்பக் கொடுக்கவில்லை. மரத்துக்கு என்ன ஆனது என்பதை அவரோடு பகிர்ந்துகொண்டார். பதினொரு வருடம் அந்த நிழலில் இருந்தவருக்கு அதைத் தெரிந்துகொள்கிற உரிமை இருந்தது. நான் அவருக்கு விதியை மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு

அந்தச் சீசன் முடிந்ததும் பலகைகளைப் பிடுங்கினோம். நெருப்பைப் பற்றியும் ஓடையில் வெள்ளம் வருவதைப் பற்றியுமான இரண்டை மட்டும் விட்டுவைத்தோம், அவை உயிர் சம்பந்தப்பட்டவை. கூடார இடங்களை ஒன்பதாகக் குறைத்து நிலையாக அமைத்தோம். ஏற்கெனவே தேய்ந்துபோன இடங்களாகப் பார்த்து, மரவேர்களிலிருந்து விலகி, மரச்சீவல் பரப்பி, ஓரத்துக்கு விழுந்த கட்டைகளைப் போட்டு. மேசையைத் தரையோடு பதித்தோம். மீதி நிலத்தைத் தொடவில்லை. வருமானம் குறைந்தது, உண்மை. அந்த வருடம் வீட்டில் இதைப் பற்றி நடந்த பேச்சுகளை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. அண்ணன் பதினாலு இடம் வேண்டும் என்றான், அவனுக்கு இரண்டு பிள்ளைகள். நான் ஏழு என்றேன். கடைசியில் அண்ணிதான் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து வைத்து, எத்தனை இடம் இருந்தால் எத்தனை கழிப்பறையை யார் எத்தனை மணிக்கு எழுந்து கழுவ வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒன்பது என்ற எண் மண்ணின் தாங்கும் சக்தியை மட்டும் பார்த்து வந்ததில்லை. எங்கள் எல்லோரின் முதுகு தாங்குவதையும் பார்த்து வந்தது. நிலம் ஓய்வெடுக்க வருடத்தில் இரண்டு மாதம் மூடுகிறோம் என்று எல்லோரிடமும் சொல்வோம். நாங்களும் அந்த இரண்டு மாதம்தான் தூங்குகிறோம்.

பலகைக்குப் பதிலாக அம்மா. யார் வந்தாலும், பை இறக்குவதற்கு முன்னால், கொஞ்சம் வெந்நீர் கொடுத்து உட்காரவைத்து, அப்புறம் ஒரு சுற்று நடத்திக் கூட்டிப்போவாள். கால் மணி நேரம் ஆகும். அம்மா "கூடாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஓடைக்கரையில் நின்று, மக்கும் சோப்பு என்று போட்டு விற்கிறார்களே, அது மக்குவது மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களால், தண்ணீரில் கலந்தால் அது சோப்பாகவே மீன் செவுளுக்குப் போகும் என்பாள். அறுபது மீட்டராவது தள்ளி நின்று மண்ணில் ஊற்றினால் மண் பார்த்துக்கொள்ளும் என்று, தானே எட்டு வைத்து நடந்து அந்தத் தூரத்தைக் காட்டுவாள். விறகுக் கொட்டகையில் நின்று, விறகின் பட்டைக்குள் ஒளிந்துகொண்டு ஊர்விட்டு ஊர் போகிற வண்டுகளைப் பற்றிச் சொல்வாள். வட அமெரிக்காவில் 2002-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றது, தொலைதூரம் பரவ அதற்குப் பெரிதும் உதவியது மனிதர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன விறகு. நான் படித்துச் சொன்ன இந்தச் செய்தியை அம்மா சொல்கிறபோது கேட்க வேண்டும், பக்கத்து வீட்டில் நடந்த மாதிரி சொல்வாள். கொண்டுவந்த விறகை வண்டியிலேயே வைத்துவிட்டு எங்கள் விறகைக் கேட்டு வாங்குகிறார்கள்.

கழிப்பறையைப் பற்றி அம்மா வெட்கப்படாமல் பேசுவாள், நான் அதை அவளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. எங்களுடையது தண்ணீர் ஊற்றாத உலர் கழிப்பறை. சிறுநீர் தனி, மற்றது தனி. இரண்டும் கலந்தால்தான் அந்த நாற்றம். ஒவ்வொரு முறையும் ஒரு கை மரத்தூள் போட்டால் ஈரத்தை உறிஞ்சி, மக்குவதற்கு வேண்டிய கரிச்சத்தையும் கொடுத்துவிடும். கதவைத் திறந்து, "மோந்து பாருங்க" என்பாள். தயங்கித் தயங்கி மோந்து பார்ப்பார்கள், மரத்தூள் வாசனைதான் வரும். அதற்கப்புறம் மரத்தூள் போடச் சொல்லி யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

ராத்திரி விளக்கு விஷயம் என் பொறுப்பு. முன்பு பாதை முழுக்க வெள்ளை விளக்குகள் விடிய விடிய எரிந்தன, பயப்படக்கூடாதே என்று. பூச்சிகள் ஏன் விளக்கைச் சுற்றுகின்றன என்பதற்கு 2024-இல் ஓர் ஆய்வு நல்ல விளக்கம் தந்தது. அவை வெளிச்சத்தை நோக்கி ஓடி வரவில்லை. பறக்கும்போது எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுதான் வானம் என்று முதுகை அந்தப் பக்கம் திருப்புவது அவற்றின் பழக்கம். விளக்குக்கு முதுகைக் காட்டிக் காட்டித் திசை புரியாமல் அங்கேயே சுழன்று மாட்டிக்கொள்கின்றன. படித்த அன்றே பாதி விளக்கைக் கழற்றினேன். மீதிக்கு மஞ்சள் பல்பு, மேலே மூடி, ஆள் நடந்தால் மட்டும் எரிகிற சென்சார். இருட்டைக் கண்டு முதலில் மிரளுகிறவர்களிடம், அரை மணி நேரம் போனைப் பார்க்காமல் என்னோடு உட்காருங்கள் என்பேன். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அந்த நிமிடங்களில் ஒவ்வொரு நட்சத்திரமாக உண்டாகி வருவதைப் பார்க்கிறவர்களின் பேச்சு தானாகவே தணிந்துவிடும். பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்ற பலகை தேவைப்படாமல் போனது இப்படித்தான்.

எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். அம்மா நடத்திக் கூட்டிப்போகும்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவர்கள் உண்டு. பணம் கொடுத்திருக்கிறோம், எங்கே வேண்டுமானாலும் போடுவோம் என்றவர்களும் உண்டு. ஒரு குழுவை முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். அன்று அப்பாவின் முகம் வாடிப்போனது. இருந்தாலும், இல்லை என்று சொல்ல வேண்டிய வேலையை என்னிடம் விடாமல் அவரே போய்ச் சொன்னார்.

மரத்துக்கு நாங்கள் செய்தது ரொம்பக் கொஞ்சம். கொத்திவிடலாமா என்று அண்ணன் கேட்டதற்கு, கொத்தினால் இருக்கிற சல்லிவேரும் அறுந்துபோகும் என்று அந்த மரம் படித்தவர் தடுத்துவிட்டார். மரச்சீவலும் சருகுமாக ஒரு சாண் உயரத்துக்கு மூடாக்குப் போட்டோம், அடிமரத்தைத் தொடாமல் கொஞ்சம் விலக்கி. கயிற்றை எடுத்துவிட்டு வட்டமாகக் கட்டைகளை அடுக்கினோம். கட்டைக்கு வெளியே, மரத்தைப் பார்த்த மாதிரி அப்பா ஒரு பெஞ்சு போட்டார். மற்றதை மண்புழுவிடம் விட்டுவிட்டோம். உச்சியில் மொட்டையான நுனிகள் இன்னும் மொட்டையாகத்தான் இருக்கின்றன. அவை இனித் துளிர்க்காது. அவற்றுக்குக் கீழே, போன வருடத்திலிருந்து, இலை முன்னைப்போலப் பெரிதாக வருகிறது.

பெரியவர் அடுத்த வருடமும் வந்தார், அதற்கு அடுத்த வருடமும். இப்போது அவருடைய இடம் ஓடை திரும்புகிற முனை, நாலாம் எண். பேத்தி வந்தவுடன் பையைக்கூட இறக்காமல் கேட்பது டப்பாவை. சென்ற இரண்டு வருடமும் முந்நூறு வரை எண்ணினாள், தண்ணீர் நின்றது. இந்த வருடம் அவளுக்குப் பத்து வயது. மூடாக்கை அவளே இரண்டு கையாலும் ஒதுக்கினாள். கீழே மண் கறுத்திருந்தது. டப்பா சுத்தியல் இல்லாமல் இறங்கவில்லை, ஆனால் ஓரம் வளையவும் இல்லை. அப்பா குவளையை அவளிடமே கொடுத்தார். பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நானும் அம்மாவும் அண்ணியும் கட்டைக்கு வெளியே நின்றோம். அவள் ஊற்றிவிட்டு, முகத்தை டப்பாவுக்கு மேலே கொண்டுபோய், சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். எண்பது. தொண்ணூறு. நூற்றுப் பத்தில் திடீரென்று எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"தாத்தா, குமிழி வருது!"